‘யார் சொன்னது?’ – தமிழ்ச் செய்தியாளர் உருவாகும் இடம்

செய்தித் துறைக்கு வர விரும்பும் இளைஞர்கள் முதலில் கேட்பது, எங்கே படிக்கலாம் என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் நிருபராகவும் பிறகு செய்தி மேசையிலும் வேலை பார்த்தவன் என்ற முறையில், அதற்கும் முன்னால் இன்னொன்றை விசாரிக்கச் சொல்வேன்: நாம் அனுப்பும் செய்தியைப் படித்துவிட்டு, ‘இதை உங்களுக்கு யார் சொன்னது?’ என்று தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பதற்கு அங்கே ஆள் இருக்கிறாரா? அப்படி ஒருவர் இருக்கும் சிறிய பத்திரிகையில் ஓராண்டு வேலை பார்ப்பவர், அப்படி யாரும் இல்லாத பெரிய நிறுவனத்தில் ஐந்தாண்டு இருப்பவரைவிட நல்ல செய்தியாளராகிறார். தமிழில் இந்தத் தொழில் வகுப்பறையில் தொடங்கியதல்ல என்பதும், இன்று அந்தத் திருப்பிக் கேட்கும் ஆள் வேகமாகக் குறைந்து வருகிறார் என்பதும் சேர்ந்துதான் இன்றைய இளம் செய்தியாளரின் நிலைமையை முடிவு செய்கின்றன.

ஒரு தமிழ் நாளிதழின் பக்கங்களை நிரப்புகிறவர்களில் பெரும்பாலோர் சென்னையில் இல்லை. மாவட்டத் தலைநகரில் முழுநேர நிருபர் ஒருவரும் புகைப்படக்காரர் ஒருவரும் இருப்பார்கள்; தாலுகா ஊர்களில் பகுதிநேர நிருபர்கள் இருப்பார்கள். அவர்கள் அனுப்புவது மதுரை, திருச்சி, கோவை, நெல்லை, சேலம் போன்ற பதிப்பு மையங்களில் உள்ள மேசைக்குப் போகும். அங்கே துணை ஆசிரியர் அதைச் சுருக்கி, திருத்தி, தலைப்பிட்டுப் பக்கத்தில் வைப்பார். வெளியில் தெரியும் பெயர் நிருபருடையது. ஆனால் அந்த நிருபரை நிருபராக்குவது அந்த மேசையிலிருந்து மாலை ஏழு மணிக்கு வரும் தொலைபேசி அழைப்பு.

இந்த ஏற்பாட்டின் வேர் பழையது. 1878 செப்டம்பரில் சென்னையில் ‘தி இந்து’ வார இதழைத் தொடங்கிய ஆறு பேரில் நால்வர் சட்ட மாணவர்கள், இருவர் பாடம் நடத்தும் ஆசிரியர்கள். முதல் இதழை ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சிட்டார்கள். அந்த ஆசிரியர்கள் இருவரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23. பத்திரிகைத் தொழிலை அவருக்குக் கற்றுக்கொடுக்க யாரும் இருக்கவில்லை. எழுதி, அச்சிட்டு, எதிர்ப்பைச் சந்தித்துத்தான் கற்றார். 1882இல் அவர் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ 1899இல் நாளிதழானது. 1904 நவம்பரில், மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞர் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 22 வயது இன்னும் நிறையாத அந்த இளைஞர்தான் சுப்பிரமணிய பாரதி.

பாரதிக்கு அங்கே கிடைத்த வேலை கவிதை எழுதுவதல்ல. ஆங்கிலத் தந்திச் செய்திகளையும் தலைவர்களின் சொற்பொழிவுகளையும் நாள்தோறும் தமிழாக்குவது. இரண்டே ஆண்டுகளில், 1906இல், அவர் ‘இந்தியா’ வார இதழின் பொறுப்பை ஏற்றபோது கட்சி, தேர்தல், வரி, வர்த்தகம் என எல்லாவற்றையும் தெருவில் நடப்பவருக்கும் விளங்கும்படி எழுதக்கூடிய ஒரு கை உருவாகியிருந்தது. அந்தக் கையைப் பழக்கியதில் மேசையில் மொழிபெயர்த்துக் கழித்த நாட்களுக்குப் பெரிய பங்குண்டு என்றே நான் கருதுகிறேன். ஒரு சொற்பொழிவை மொழிபெயர்ப்பவர் அதில் எது புரியவில்லை என்பதை ஒளித்துவைக்க முடியாது. தமிழில் எழுதும்போது அது அம்பலமாகிவிடும்.

அதே மொழிபெயர்ப்புப் பழக்கம் தமிழ்ச் செய்தி நடையில் ஒரு விறைப்பையும் கொண்டுவந்தது. ‘தெரிவிக்கப்பட்டுள்ளதாகக் கூறப்படுகிறது’ என்று முடியும் வாக்கியத்தில் தெரிவித்தவரும் இல்லை, கூறியவரும் இல்லை. இதை உடைத்தவர்களில் முதன்மையானவர் சி.பா. ஆதித்தனார். 1942 நவம்பர் 1ஆம் தேதி மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய அவர், எழுத்துக்கூட்டிப் படிக்கும் தொழிலாளிக்கும் விளங்க வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்தார், குறுகிய வாக்கியம், பழகிய சொல் என்று தம் பத்திரிகையாளர்களுக்கு விதிகள் வகுத்து, அவர்களுக்காக ஒரு கையேடே எழுதினார். தமிழில் செய்தி எழுதும் முறை எழுத்தில் பயிற்சியாக மாறிய தொடக்க முயற்சிகளில் அதுவும் ஒன்று. டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க நான்கு பேர் கேட்ட நாளிதழ் அது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த விதிகளின் காரணம் விளங்கும்: கேட்பவர் பின்னால் புரட்டிப் பார்க்க முடியாது.

கல்லூரி மாணவர்களைத் திட்டமிட்டுப் பழக்கும் முயற்சி பத்திரிகைகளுக்குள்ளிருந்தே வந்தது. 1983இல் ‘ஜூனியர் விகடன்’ தொடங்கியதையொட்டிய ஆண்டுகளில் விகடன் நிறுவனம் கொண்டுவந்த மாணவப் பத்திரிகையாளர் திட்டம் அதற்குச் சிறந்த உதாரணம். எந்தப் பாடம் படிக்கும் மாணவரும் விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்டித் தேர்வாகிறவர் தம் ஊரிலிருந்தபடியே செய்தி அனுப்புவார். வெளியாகும் எழுத்துக்குச் சன்மானம் உண்டு. இன்று பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் திரைத்துறையிலும் அந்த வழியாக வந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். வேளாண்மை படித்தவரும் கணக்குப் படித்தவரும் இந்தத் தொழிலுக்குள் வந்ததற்கு அந்தத் திட்டம் ஒரு வாசல். இதழியல் பட்டம் பெற்றவர்களை மட்டும் எடுத்திருந்தால், பூச்சிமருந்துக் கலவையைப் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிந்த நிருபர் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

வகுப்பறைகளும் குறைவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் இதழியலை நெடுங்காலமாகக் கற்பிக்கிறது. மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகங்களிலும் துறைகள் உண்டு. கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் இருக்கிறது. சென்னையில் 2000 முதல் இயங்கும் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் நாடறிந்த நிறுவனம். சிக்கல் மொழியில் இருக்கிறது. பயிற்சியின் மேல்தளம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது, வேலை தமிழில் நடக்கிறது. ஆங்கிலத்தில் லீட் எனப்படும் செய்தியின் தொடக்க வாக்கியத்தை எழுதக் கற்ற மாணவர் தமிழ் மேசைக்கு வந்ததும் தடுமாறுகிறார். ஆங்கிலச் செய்தியின் முதல் வாக்கியத்தில் வினைச்சொல் முன்னாலேயே வந்து நிற்கும். தமிழில் அது கடைசியில்தான் வரும். என்ன நடந்தது, யாருக்கு, எங்கே, எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கினால் தமிழ் வாசகர் வினைச்சொல்லை எட்டுவதற்குள் மூச்சிரைத்துவிடுவார். அதைப் பிரித்து இரண்டு வாக்கியமாக்கும் கலையைத் தமிழிலேயேதான் சொல்லிக்கொடுக்க முடியும். தமிழக அரசு 2025இல் சென்னையில் தொடங்கிய இதழியல் கல்வி நிறுவனம் தமிழிலும் முதுநிலைப் பட்டயப் படிப்பை வைத்திருப்பது அந்த வகையில் காலம் தாழ்ந்து வந்த, ஆனால் மிகவும் தேவையான ஏற்பாடு.

வகுப்பறை தரக்கூடியதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அங்கே சட்டம் படிக்கலாம், தரவுகளைக் கையாளப் பழகலாம், தவறு செய்ய அவகாசம் கிடைக்கும். களத்தில் அந்த அவகாசம் இல்லை.

களம் என்றால் முதல் ஆண்டில் பெரும்பாலும் கிரைம் பீட், அதாவது குற்றச் செய்திகளைத் திரட்டும் பொறுப்பு. காலையில் காவல் நிலையங்களுக்கும் அரசு மருத்துவமனைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு சுற்று, முடியாதபோது தொலைபேசி. பத்து மணிக்கு மேல் நீதிமன்றம், நகராட்சி, ஆட்சியர் அலுவலகம். முதல் தகவல் அறிக்கையைப் படிக்கப் பழகுவது இந்தச் சுற்றின் முதல் பாடம். குற்றம் நடந்த நேரத்துக்கும் புகார் பதிவான நேரத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம், புகார்தாரர் யார், எந்தப் பிரிவுகள் போடப்பட்டிருக்கின்றன, எந்தப் பிரிவு போடப்படவில்லை என்று பார்க்கத் தெரிந்தவருக்கு அந்த இரண்டு பக்கத் தாளிலேயே பாதிச் செய்தி இருக்கும். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; பாலியல் குற்றம் போன்ற வழக்குகளுக்கு அதில் விலக்கு உண்டு. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்து பழைய பிரிவு எண்களும் மாறிவிட்டன. சந்தேக மரணத்தை ‘நூற்று எழுபத்து நான்கு’ என்று சொல்லிப் பழகிய மூத்த நிருபர்களே இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194ஆம் பிரிவைச் சொல்லிப் பழகுகிறார்கள். புதிதாக வருகிறவருக்கு இந்த ஒரு விஷயத்தில் மூத்தவர்களைவிடச் சாதகம் அதிகம்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளைத்தான் நான் இளையவர்களுக்கு முதன்மையான பள்ளிக்கூடமாகச் சொல்வேன். பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர், சுடுகாட்டுப் பாதை, கந்துவட்டி என்று நூற்றுக்கணக்கானோர் மனுவோடு நிற்பார்கள். பெரும்பாலான நிருபர்கள் அங்கே காத்திருப்பது படம் கிடைக்கும் நிகழ்ச்சிக்காக: யாராவது காலிக் குடத்தோடு வருவார்களா, மண்ணெண்ணெய் பாட்டிலோடு பிடிபடுவார்களா என்று. 2017 அக்டோபர் 23, அதுவும் ஒரு திங்கட்கிழமை. நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் கொண்ட ஒரு குடும்பம் தீயில் கருகி மாண்டது. கந்துவட்டிக் கொடுமையிலிருந்து காப்பாற்றும்படி அந்தக் குடும்பம் அதற்கு முன் பலமுறை மனு கொடுத்திருந்தது. தீ எரியும் படத்தை நாடே பார்த்தது. முந்தைய வாரங்களில் அதே வரிசையில் கையில் தாளோடு நின்ற அவர்களை எந்த நிருபரும் நிறுத்தி, ‘எத்தனையாவது மனு?’ என்று கேட்டதாகத் தெரியவில்லை. இதை யார் மேலும் பழியாகச் சொல்லவில்லை. அந்த வரிசையைப் பலமுறை கடந்து போனவர்களில் நானும் ஒருவன். ஒரு மனுவை வாங்கிப் படித்து, அதன் பழைய ரசீது எண்களைக் குறித்துக்கொண்டு, அது எந்த அலுவலகத்தில் எத்தனை நாள் கிடக்கிறது என்று பின்தொடர்வது அரை நாள் வேலை. அதற்குப் படம் கிடைக்காது. செய்தி கிடைக்கும்.

மேசையிலிருந்து வரும் அழைப்பைப் பற்றிச் சொன்னேன். அது எப்படி இருக்கும் என்பதையும், அது வராத ஒரு நாளில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தென் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில் நான் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எங்கள் பதிப்பு மேசையில் ஒரு மூத்த துணை ஆசிரியர் இருந்தார். எந்த விபத்துச் செய்தி அனுப்பினாலும் பத்து நிமிடத்தில் கூப்பிடுவார்.

“தம்பி, அஞ்சு பேருன்னு எழுதியிருக்கீங்க. அஞ்சாவது ஆளு பேரு எங்க?”

“பேரு இன்னும் தெரியல சார். ஸ்டேஷன்ல அஞ்சுன்னு சொன்னாங்க.”

“சொன்னவரு ஸ்பாட்டுக்குப் போனாரா? இல்ல அவருக்கும் யாராச்சும் போன்ல சொன்னாங்களா?”

பதில் இருக்காது. மறுபடி மருத்துவமனைக்கு ஓடுவேன். ஆம்புலன்ஸ் முதலில் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஒருவரைப் பிறகு அரசு மருத்துவமனைக்கு மாற்றியிருப்பார்கள். இரண்டு இடத்திலும் எண்ணப்பட்ட ஒரே உடல் அது. ஐந்து நான்காகும். அவர் ‘சரி’ என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார்.

ஒரு நாள் மாலை வேன் ஒன்று கவிழ்ந்தது. அன்று அவர் விடுப்பில் இருந்தார். இறந்தவர்கள் பட்டியலை வார்டு வாசலில் நின்றிருந்த காவலர் ஒருவர் படிக்க, நான் எழுதிக்கொண்டேன். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவருக்கு ஒரே பெயர். ஒருவர் இறந்திருந்தார், மற்றவர் கால் முறிந்து படுத்திருந்தார். நான் ஊரை மாற்றி எழுதிவிட்டேன். மேசையில் யாரும் கேட்கவில்லை, அப்படியே அச்சாயிற்று. மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனபோது, திருப்பூரிலிருந்து இரவு பேருந்தேறி வந்த உறவினர்கள் நான்கு பேர், பையில் மாலையோடு அந்த மனிதரின் கட்டிலருகே நின்றிருந்தார்கள். அவருடைய மனைவி என்னைத் திட்டவில்லை. மடித்து வைத்திருந்த பத்திரிகையைக் கையில் கொடுத்து, “இதுல எங்க வீட்டுக்காரரு பேர நீங்களே அடிச்சிருங்க தம்பி” என்றார். அடித்துக் கொடுத்தேன். திருத்தம் அடுத்த நாள் உள்பக்கத்தில் மூன்று வரியாக வந்தது. அன்றிலிருந்து பெயர் எழுதும் இடத்தில் தகப்பனார் பெயர், தெரு, வயது மூன்றும் இல்லாமல் நான் செய்தி அனுப்பியதில்லை. தமிழ்நாட்டில் பெயருக்கு முன் போடும் முதலெழுத்து (இனிஷியல்) என்பது வெறும் எழுத்தல்ல, அது தகப்பனார் பெயர். முதலெழுத்தை விட்டால் ஆளே மாறிவிடுவார்.

சொல் தேர்விலும் இதே கவனம் வேண்டும். ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்ற தொடர் காவல்துறைக் குறிப்பிலிருந்து நேராகப் பக்கத்துக்கு வருவது. ஒரு காலனிக்குள் நாற்பது பேர் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கியிருந்தாலும் அது ‘மோதல்’ ஆகிவிடுகிறது. அடித்தவரும் அடிபட்டவரும் ‘தரப்பு’ ஆகிவிடுகிறார்கள். இளம் நிருபர் அந்தக் காலனிக்கு நேரில் போனாரா, அல்லது காவல் நிலையத்திலும் ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலும் டீ குடித்துவிட்டுத் திரும்பினாரா என்பதை அவர் எழுதும் வினைச்சொல் காட்டிக்கொடுக்கும். நிருபர் எந்தச் சாதியிலிருந்து வருகிறார், யார் வீட்டில் உட்காருகிறார் என்பது தாலுகா ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் தம் சொந்தச் சாதிக்காரர் சொன்னதை மட்டும் இரண்டு முறை சரிபார்க்கும் பழக்கம் அவருக்கு வேண்டும். இதை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

சட்டத்தில் முதல் மாதத்திலேயே தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. அடையாளம் என்பது பெயர் மட்டுமல்ல. பள்ளியின் பெயர், தெரு, உறவினர் பெயர் என எதுவும் அவரைக் காட்டிக்கொடுக்கலாம். தாலுகா ஊரில் ‘ஏழாம் வகுப்பு மாணவி, தந்தை லாரி ஓட்டுநர்’ என்று எழுதினாலே போதும், ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். அரசியல் செய்தியில் சட்டமன்ற உரிமை மீறல் என்ற கத்தி எப்போதும் தொங்குகிறது: 1987இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியன் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டுச் சிறைக்குப் போனார். கடும் எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். மறுபக்கம், பத்திரிகையாளருக்குக் கேடயமாக நிற்கும் தீர்ப்பும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. மரண தண்டனைக் கைதி ஒருவர் எழுதிய தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிட முயன்றபோது சிறை அதிகாரிகள் தடுத்தார்கள். பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை, வெளியாகும் முன்பே தடுக்க அரசுக்கும் அதிகாரிகளுக்கும் உரிமையில்லை என்று அந்த வழக்கில் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு கேள்வி கேட்டு 30 நாள் காத்திருக்கும் பொறுமை இளையவர்களிடம் குறைவாக இருப்பது வருத்தம். 1997இலேயே இதற்கென்று சட்டம் கொண்டுவந்து நாட்டுக்கு முன்னோடியாக இருந்த மாநிலம் இது.

தற்கொலைச் செய்தியைத் தனியே சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடிவு வரும் நாளிலும் நீட் முடிவு வரும் நாளிலும் தமிழ்நாட்டில் ஒவ்வோர் இளம் நிருபருக்கும் இந்தச் சோதனை வருகிறது. முதல் பக்கத்தில் பெரிதாக வைக்காதே, எப்படி இறந்தார் என்று விவரிக்காதே, இடத்தைத் துல்லியமாகச் சொல்லாதே, படம் போடாதே என்பவை இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலை ஒட்டி ஏற்றுக்கொண்ட நெறிகள். ஆனால் அந்த வீட்டு வாசலில் பத்துக் கேமராக்கள் நிற்கும்போது, பதினொன்றாவதாக நிற்கும் 23 வயது நிருபரிடம் அலுவலகம் கேட்பது ‘கடிதம் கிடைத்ததா? படம் கிடைத்ததா?’ என்றுதான். அந்த இடத்தில் ‘கிடைத்தது, ஆனால் அனுப்பப் போவதில்லை’ என்று சொல்ல அவருக்குப் பின்னால் ஒரு மூத்தவர் வேண்டும். நெறிகளை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருப்பது அந்த நிமிடத்தில் உதவாது.

இனி வருமானம். இதைப் பேசாமல் இளைஞர்களை இந்தத் தொழிலுக்கு அழைப்பது நேர்மையல்ல. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கென்று 1955இல் தனிச் சட்டம் வந்தது. பின்னர் அது 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் கரைக்கப்பட்டது. பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரை 2011 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டு, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தாலும் உறுதி செய்யப்பட்டது. தாளில் இருக்கும் அந்த ஊதியம் பெரும்பாலான புதியவர்களை எட்டுவதில்லை. அவர்கள் ஒப்பந்த ஊழியர்களாகவே எடுக்கப்படுகிறார்கள். தாலுகா நிருபர் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. அவருக்கு வெளியான செய்திக்கு ஒரு சிறு தொகை, அல்லது மாதம் ஒரு மதிப்பூதியம். பெட்ரோல் சொந்தச் செலவு. இதற்கு மேல் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விளம்பரம் பிடித்துத் தர வேண்டும், அதில் கமிஷன் உண்டு. காலையில் ஒரு கல்லூரியின் கட்டணக் கொள்ளையைப் பற்றி விசாரிப்பவர் மாலையில் அதே கல்லூரித் தாளாளரிடம் அரைப்பக்க விளம்பரம் கேட்டு நிற்கும் நிலை இது.

பிரஸ் மீட் முடிந்ததும் நீட்டப்படும் கவர் இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. முதல் கவர் எப்போதும் ‘பெட்ரோலுக்கு வெச்சுக்கங்க தம்பி’ என்ற அன்பான சொல்லோடுதான் வரும். மறுத்தால் பக்கத்தில் நிற்கும் மூத்தவர் முறைப்பார், ஏனென்றால் ஒருவர் மறுப்பது மற்றவர்களை அம்பலப்படுத்துகிறது. என்னைக் கேட்டால், கவரை வாங்குகிற 22 வயதுப் பையனைக் குற்றவாளியாக்குவதற்கு முன், பத்திரிகை அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுச் சம்பளம் கொடுக்காமல் ஊருக்குள் அனுப்பும் நிறுவனத்தைக் கேள்வி கேட்க வேண்டும். அதே சமயம், வாங்காதவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். ஒரு முறை வாங்கினால் அடுத்த செய்தியில் அந்த மனிதரைப் பற்றிய கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும் என்று அவர்களில் ஒருவர்தான் எனக்குச் சொன்னார். இந்த வறுமையைத் தாங்கக் குடும்பப் பின்புலம் உள்ளவர் மட்டுமே நிலைக்க முடியும் என்ற நிலைமையால் ஏழை வீட்டுப் பிள்ளைகளும், இரவில் ஊர் திரும்பப் பேருந்தும் பாதுகாப்பும் இல்லாத பெண்களும் தாலுகா அளவில் மிகக் குறைவாகவே இருக்கிறார்கள். இழப்பு அவர்களுக்கு மட்டுமல்ல; மகப்பேறு வார்டிலும் விடுதியிலும் நூறு நாள் வேலைத் தளத்திலும் பெண்கள் சொல்லக்கூடிய செய்தி நம் பக்கங்களுக்கு வராமலே போகிறது.

கடந்த பத்து ஆண்டுகளில் மேசை மெலிந்துவிட்டது. நிருபர் கைப்பேசியில் தட்டச்சு செய்கிறார், சில நிமிடங்களில் அது இணையதளத்தில் ஏறுகிறது, தலைப்பும் அவரே வைக்கிறார். ஒவ்வொரு மாவட்டத்திலும் நிருபர்களுக்கென்று வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. ஒருவர் தட்டச்சு செய்த செய்தியைப் பத்துப் பேர் அப்படியே அனுப்புகிறார்கள். ஒரு முதலெழுத்துப் பிழை பத்துப் பத்திரிகையிலும் அதே பிழையாக வரும். போட்டிக்குப் பயந்து சேர்ந்துகொண்ட இந்த ஏற்பாடு புதியவருக்குப் பெரிய வசதி போலத் தெரியும். உண்மையில் அது அவருடைய பயிற்சிக் காலத்தைத் தின்றுவிடுகிறது. களத்துக்குப் போகாதவருக்கு எது விடுபட்டது என்பதே தெரியாது.

கேட்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2023 மார்ச் மாதம் காட்டியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறு சம்பவங்களின் காட்சிகளை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். வட மாநிலங்களில் சில ஊடகங்கள் அதைச் செய்தியாகவே வெளியிட்டன. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் அஞ்சினார்கள். பீகாரிலிருந்து ஒரு குழு நேரில் வந்து விசாரித்தது. வதந்தி பரப்பியவர்கள் மீது தமிழகக் காவல்துறை வழக்குகள் பதிவு செய்தது. திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்கோ காவல் நிலையத்துக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு போட்டிருந்தால் அந்தச் செய்திகளில் பல மேசையிலேயே நின்றிருக்கும்.

ஆகவே இப்போது தொடங்குகிறவர் இல்லாத மேசையைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற துணை ஆசிரியர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். வாரம் ஒரு முறை தாம் எழுதியதை எடுத்துக்கொண்டு போனால் சிவப்பு மையில் திருத்திக் கொடுக்க அவர்களில் பலர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள். குறிப்பேட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் சொல்லப்பட்டதையும் வலப்பக்கம் சொன்னவரின் பெயர், நேரம், அவர் நேரில் பார்த்தாரா கேள்விப்பட்டாரா என்பதையும் எழுதும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் வரியைச் செய்தியில் சேர்ப்பதில்லை.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழைவிட, வெளியான மூன்று செய்திகளின் நறுக்குகள் பேசும். கல்லூரி இதழில் வந்ததானாலும், உள்ளூர் வார இதழில் வந்ததானாலும் சரி. பெரும்பாலான இடங்களில் ஒரு சிறு எழுத்துத் தேர்வு இருக்கும்: ஆங்கிலத்திலிருந்து ஒரு பத்தியைத் தமிழாக்க வேண்டும், ஒரு நீண்ட குறிப்பைச் சுருக்கிச் செய்தியாக்க வேண்டும். அப்படிப்பட்ட விடைத்தாள்களைப் பல ஆண்டுகள் நான் திருத்தியிருக்கிறேன். நாங்கள் கொடுக்கும் குறிப்பில் ஒரு தகவலை வேண்டுமென்றே விட்டிருப்போம். தீ விபத்து என்று இருக்கும், கடைக்குள் ஆள் இருந்தாரா என்பது இருக்காது; கைது என்று இருக்கும், எந்தப் புகாரின் பேரில் என்பது இருக்காது. பெரும்பாலானோர் அந்தக் குழியை நல்ல தமிழால் மூடிவிடுவார்கள். ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ எழுந்து வந்து, “சார், இதில் ஒரு தகவல் விடுபட்டிருக்கிறது, யாரிடம் கேட்கலாம்?” என்பார்கள். அவர்களுடைய தாளில் எழுத்துப் பிழை இருந்தாலும் நாங்கள் எடுத்துக்கொள்வோம்.